தூக்க ஆளில்லாத ஊரில்

புங்குடுதீவு மடத்துவெளியில் ஒரு கராஜைத் திறந்தால் உள்ளே கார் நிற்பது அபூர்வம். லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் நிற்கும். பக்கத்தில் இறைப்பு மெசின் இரண்டு: ஒன்று ஓடுவது, மற்றது சாமான் கழற்றுவதற்கு. தறப்பாளால் மூடிய ஜெனரேற்றர். புல்லு வெட்டுகிற மெசின். கடலுக்குப் போகிற வீடென்றால் மரச்சட்டத்தில் பூட்டி வைத்த படகு எஞ்சின். எல்லாம் சேர்த்து நிறுத்தால் அரைத் தொன் அளவில் வரும். வீட்டுக்காரர் ரொறன்ரோவில், அல்லது பாரிசில். மெசின்களுக்குப் பொறுப்பு அறுபது கடந்த ஒருவர். அவருக்கு நாரிப்பிடிப்பு.

புங்குடுதீவின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை. போரால் வந்த 1991 இடப்பெயர்வோடு ஊர் காலியானது, திரும்பியவர்கள் கொஞ்சம். வெளிநாட்டுக் காசில் கோயில்கள் எழும்பின, மதில்கள் எழும்பின, மெசின்களும் வந்து இறங்கின. ஒரு பக்கம் பிடிக்கிறதுக்கு ஆளைத்தான் காணவில்லை. ஒரு பாரத்தைக் கராஜின் பின்மூலையிலிருந்து வாசலுக்குக் கொண்டுவர வேண்டி, தனியாக நின்று யோசிக்கிற ஆளை நினைத்து இவற்றை எழுதி வைக்கிறேன்.

*

முதலில் நிறை. கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு "இது என்ன, முப்பது கிலோ வருமா" என்கிறவர்களை நம்பக் கூடாது. இரண்டு அங்குல இறைப்பு மெசின் 20 முதல் 25 கிலோ. டூ ஸ்ரோக் யமஹா 15 குதிரைவலு எஞ்சின் 36 கிலோ. 40 குதிரைக்குப் போனால் 70 தாண்டும். 5 கிலோவாட் பெற்றோல் ஜெனரேற்றர் 80, 90. லாண்ட்மாஸ்டர் கலப்பை பூட்டாமலே 300 கிலோ அளவில் நிற்கும். பழைய லிஸ்டர் 6 குதிரை டீசல் எஞ்சினும் 300க்கு மேல். அதிலும் கணிசமான பங்கு அந்த இரண்டு பெரிய வார்ப்பிரும்புச் சில்லுகளில் இருக்கிறது.

சர்வதேசத் தொழில் அமைப்பு 1967-இல் கையால் தூக்கும் பாரத்துக்கென்றே ஒரு சமவாயம் எழுதியது, 127-ஆம் இலக்கம். அதோடு வந்த பரிந்துரையில் வளர்ந்த ஆணுக்கு உச்சம் 55 கிலோ. பிறகு 1991-இல் அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் கணக்கை மறுபடி போட்டு, பாரம் உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், முறுக்காமல் தூக்கக்கூடிய மிக வசதியான நிலையிலேயே 23 கிலோ என்று நிறுத்தியது. கை நீண்டால், குனிந்தால், திரும்பினால் அதிலிருந்தும் கழிக்க வேண்டும். எங்கள் கராஜ்களில் வசதியான நிலை என்று ஒன்றே கிடையாது. மெசின் எப்போதும் மூலையில், நிலத்தோடு, முன்னால் இரண்டு வெற்று பரல் மறித்தபடி இருக்கும்.

50 கிலோ சீமெந்துப் பையைத் தோளில் போட்டு நடந்த தலைமுறை இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரிக்கும். சிரிக்கட்டும். அந்தத் தலைமுறைதான் இன்றைக்கு ஒழுங்கையில் நாரியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது.

*

ஜெனரேற்றரை வாசலுக்கு எடுக்க வேண்டியிருந்தது. நான் குனிந்து கைபிடியைப் பற்றினேன். வேலிக்கு அப்பால் நின்ற அயல்வீட்டு அண்ணை, வாயில் வெற்றிலையோடு:

"தூக்காதை தம்பி. நடத்து."

"எப்பிடி அண்ணை நடத்திறது? சில்லும் கழண்டு போச்சு."

"சில்லு எதுக்கு? மூலையைக் கிளப்பு."

வந்து காட்டினார். சட்டத்தின் ஒரு மூலையை நாலு விரற்கடை மட்டும் கிளப்பி, எதிர் மூலையை ஊன்றுகாலாக வைத்துத் திருப்பினார். மெசின் ஒரு சாண் முன்னுக்கு வந்தது. மற்ற மூலையைக் கிளப்பினார், மறுபடி ஒரு சாண். கனத்தில் ஒரு பங்குதான் அவருடைய கையில், மிச்சம் நிலத்திலே. சீமெந்து நிலம் கீறுப்படாமல் இருக்க மூலைக்குக் கீழே ஒரு பழைய ரியூப் துண்டு. கராஜின் அகலம் முழுவதும் அப்படியே நடத்திக் கொண்டுவந்து விட்டு, வெற்றிலையைத் துப்பப் போனார். மூச்சு வாங்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டு நின்றே களைத்துவிட்டேன்.

ஈஸ்டர் தீவின் கற்சிலைகளை எப்படி நகர்த்தினார்கள் என்று நெடுங்காலம் சர்ச்சை. ஹன்ற், லிப்போ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 4 தொன்னுக்கு மேற்பட்ட மாதிரிச் சிலை ஒன்றை நிமிர்த்தி வைத்து, மூன்று கயிறும் 18 ஆட்களுமாக வலமும் இடமும் மாறி மாறி ஆட்டி, அதை நடக்க வைத்துக் காட்டினார்கள். 2012-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. சிலைகள் தாங்களாகவே நடந்து வந்தன என்றுதான் அந்தத் தீவுச் சனங்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அண்ணைக்கு இதைச் சொன்னேன். "அதுகளும் தீவுச்சனம்தானே" என்றார்.

*

அலவாங்கு இல்லாத வீடு மடத்துவெளியில் இல்லை. ஆனால் அதைக் குழி தோண்டுவதற்கும் தேங்காய் உரிப்பதற்கும் மட்டும் வைத்திருக்கிறார்கள். ஐந்தடி அலவாங்கை மெசினின் கீழ் இரண்டங்குலம் செலுத்தி, அதற்கு முன்னால் ஒரு மரக்கட்டையை மிண்டு கொடுத்து அமத்தினால், ஒரு கையின் பலம் பத்து மடங்காக, இருபது மடங்காக மாறும். கட்டை பாரத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு லேசு. தூரப் போட்டுவிட்டு அலவாங்கில் ஏறி நின்று குதிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஒருக்கால் கிளப்பினால் உடனே கீழே ஒரு பலகைத் துண்டு. மறுபடி கிளப்பினால் இன்னொன்று. அலவாங்கின் முனையில் பாரத்தை வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. விரல் போனவர்கள் எல்லாம் அப்படி யோசித்த நேரத்தில்தான் போக்கடித்திருக்கிறார்கள்.

*

லாண்ட்மாஸ்டர் தனிச் சாதி. குபோட்டாவோ சீனத்ததோ, இரண்டு சில்லு என்றால் ஊரில் அதற்கு லாண்ட்மாஸ்டர் என்றுதான் பேர்.

எஞ்சின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது, பிடி பின்னால் நீண்டு கிடக்கிறது. ஆகவே பிடியே ஒரு நெம்புகோல். அமத்தினால் மூக்கு எழும்பும், விட்டால் மூக்கு விழும். முன் ஸ்ராண்டை மடித்துவிட்டுப் பிடியிலிருந்து கையை எடுப்பவருக்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கராஜுக்குள் கையால் நகர்த்தும்போது கியரை நியூற்றலில் போட்டு, அதை இரண்டாம் முறையும் பார்க்க வேண்டும். பழைய மெசின்களில் கியர்த்தடி நியூற்றலில் நிற்கிற மாதிரி இருக்கும், உள்ளே பல்லு பிடித்திருக்கும். அந்த நிலையில் கையால் சுழற்றி ஸ்ராட் பண்ணினால் மெசின் நேரே ஆளுக்கு மேல் வரும்.

வயலுக்குப் போட்ட இரும்புச் சில்லைக் கழற்றி ரயரைப் பூட்டாமல் நகர்த்தவே வேண்டாம். இரும்புச் சில்லு சீமெந்து நிலத்தில் உருளாது, கொத்தும்.

சரிவு. தீவில் மேடு பள்ளம் குறைவு. ஆனால் வெள்ளத்துக்குப் பயந்து கராஜ் நிலத்தை இரண்டு அடி உயர்த்திக் கட்டி, முன்னால் சாய்வாகக் கொங்கிறீற் போட்டிருக்கிறார்கள். எஞ்சின் ஓட அந்தச் சாய்வால் இறங்கும்போது இடது பிடியிலுள்ள கிளச்சை அமத்தினால் மெசின் இடதுக்குத் திரும்பாது, வலதுக்குத் திரும்பும். அமத்திய பக்கத்துச் சில்லு எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக ஓடுவதால் வருகிற வினை. சமநிலத்தில் பழகியவர்களுக்கு இது தெரியாது. மதிலில் மோதி நிற்கும்போது தெரியவரும். சாய்வில் கிளச்சைத் தொடாமல், பிடியாலேயே உந்தித் திருப்புவதுதான் வழி. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கயிற்றில் இறக்குவது இன்னும் நல்லது.

*

கயிறு. கராஜ் வாசலுக்கு நேரே ஒரு பனை நின்றால் அந்த வீட்டுக்காரர் பாக்கியசாலி.

பாரத்தில் கட்டிய கயிற்றைப் பனையில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி நுனியைப் பிடித்துக்கொண்டால், சாதாரண உராய்வுக்கே பிடி நாற்பது மடங்கு கூடுகிறது. 300 கிலோ சரிவில் இழுக்கிற இழுவையை ஒரு சின்னப் பொடியனும் தாங்கலாம். மெல்லக் கயிற்றை இளக்க இளக்க மெசின் மெல்ல இறங்கும். இதைக் கண்டுபிடிக்க எவரும் பொறியியல் படிக்கவில்லை. வள்ளம் கட்டுகிற எவருக்கும் தெரிந்த வித்தை. ஆனால் அதே கடற்தொழிலாளி கராஜுக்குள் வந்தால் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளுவார். ஏனென்று எனக்கு விளங்குவதில்லை. கடலில் இருக்கிற புத்தி கரையில் ஏறும்போது கழன்று விடுகிறதோ என்னவோ.

நைலோன் கயிறு வழுக்கும், திடீரென்று விடும். தும்புக் கயிறு பிடிக்கும். கையுறை இல்லாவிட்டால் சாக்குத் துண்டு.

*

மணல். கராஜிலிருந்து எடுத்த படகு எஞ்சினைக் கரைவரை கொண்டுபோக வேண்டும், சறுக்குப் பலகையில் வைத்து இழுத்தால் காய்ந்த மணல் முன்னால் குவிந்து மறிக்கிறது. கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் மணல் இறுகி, பலகை ஓடும். எகிப்தில் ஜெஹுத்திஹொத்தெப் என்ற பிரபுவின் கல்லறைச் சுவரில், ஒரு பெரிய சிலையை ஆட்கள் சறுக்கில் வைத்து இழுக்க, சறுக்கின் முன்பக்கத்தில் ஒருவன் நின்று தண்ணீர் ஊற்றுகிற சித்திரம் இருக்கிறது. கிட்டத்தட்ட 3,900 வருடப் பழசு. ஏதோ சடங்கு என்று நினைத்திருந்தார்கள். 2014-இல் ஆம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழகத்தில் பரிசோதித்துப் பார்த்தார்கள்: சரியான அளவு ஈரத்தில் இழுவைப் பலம் பாதியாகக் குறைகிறது. அளவு தப்பி ஊற்றினால் மறுபடி கூடுகிறது. ஆகவே வாளியைக் கவிழ்க்கக் கூடாது, தெளிக்க வேண்டும்.

பச்சைப் பனைமட்டையை வழுவழுப்பான பக்கம் மேலே வரப் போட்டு இழுப்பதும் இதே கணக்குத்தான். வள்ளம் ஏற்றுகிற கரைகளில் இன்றைக்கும் கிடக்கும்.

*

சரித்து வைப்பது பற்றி. இதில்தான் அதிக காசு போகிறது.

ஃபோர் ஸ்ரோக் இறைப்பு மெசினையோ புல்லு மெசினையோ நினைத்த பக்கம் சரிக்கக் கூடாது. காபரேற்றரும் காற்று வடியும் மேலே இருக்க வேண்டும். கீழே போனால் ஒயில் வடிக்குள் ஊறும், சிலிண்டருக்குள் இறங்கும். பிறகு கயிறு இழுபடாது. இழுபட்டாலும் நீலப் புகை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் "அண்ணை, இதைக் கிடத்திக் கொண்டு வந்தனீங்களோ" என்பதுதான் முதற்கேள்வி.

படகு எஞ்சினைக் கழற்றினால் நிமிர்த்தி வைத்து உள்தண்ணீர் முழுக்க வடியவிட்ட பிறகுதான் தோளில் ஏற்ற வேண்டும். எந்த நேரமும் தலைப்பக்கம் காலைவிட உயரத்தில். தலை தாழ்ந்தால் மிச்ச உப்புத்தண்ணீர் தலைக்குள் ஓடும். ஃபோர் ஸ்ரோக் என்றால் எந்தப் பக்கம் கிடத்தலாம் என்று கம்பனியே கைநூலில் படம் போட்டுக் கொடுத்திருக்கும். கைநூலை எறிந்தவர்கள் வித்தவரிடம் கேளுங்கள்.

பெற்றோல் ராங்கை வெறுமையாக்கிவிட்டு நகர்த்துங்கள். நிறையும் குறையும், வீடும் மிஞ்சும். பூட்டிய கராஜுக்குள் எதையும் ஸ்ராட் பண்ணிப் பார்க்க வேண்டாம். அந்தப் புகைக்கு மணம் இல்லாத பகுதிதான் ஆளைக் கொல்வது.

*

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் பொன். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்ராட் ஆவதற்கு மட்டும் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், காபரேற்றருக்குள் இரண்டு சொட்டு. மெசின் கெட்டால் உதிரிப்பாகம் வராது. கடலில் எஞ்சினின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடு. அந்தக் காலத்தில் ஒரு மெசினைக் கீழே போட்டு உடைப்பதென்றால் வீட்டில் ஒரு சாவு மாதிரி. எல்லோரும் பக்குவமாகத் தூக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைக்கு உடைந்தால் அண்ணன் அனுப்புவார்.

*

இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எங்கள் லிஸ்டர் இருந்த கொட்டிலில் கொங்கிறீற் மேடையும் நாலு போல்ற்றும் மட்டும் நின்றன. யார் கொண்டுபோனார்கள் என்று கேட்க ஆளில்லை, கேட்டும் பயனில்லை. எப்படிக் கொண்டுபோனார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நட்டுகளை அறுக்கவில்லை, எண்ணெய் விட்டு, திறப்புப் போட்டு, ஆறுதலாகக் கழற்றியிருக்கிறார்கள். மேடையின் விளிம்பில் அலவாங்கு ஊன்றிய பள்ளம் இரண்டு. வாசற்படிக்குக் குறுக்கே சமாந்தரமாக இரண்டு கீறல்: சறுக்கில் இழுத்திருக்கிறார்கள். மூலையில் பெரிய சில்லின் ஆப்பு ஒன்று கிடந்தது. சில்லுகளைக் கழற்றிப் பாரத்தைப் பிரித்த பிறகுதான் எடுத்திருக்கிறார்கள்.

தொழில் தெரிந்த கள்ளன். அவன்மேல் கோபத்தோடு ஒரு மரியாதையும் வந்ததை மறைக்கத் தேவையில்லை.

*

ஆனித் திருவிழாவில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் தேருக்குப் போகிறவர்கள் வடத்தைப் பார்ப்பார்கள், கும்பத்தைப் பார்ப்பார்கள். நான் சில்லடியைப் பார்ப்பேன். பின்னால் மிண்டு போடுகிறவர்கள் கிளப்ப, முன்னால் வடம் இழுபட, சில்லோடு சில்லாகச் சறுக்குக்கட்டையோடு ஓடுகிற நாலைந்து பேர்தான் தேரை ஓட்டுகிறவர்கள். எங்கே நிற்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் எல்லாம் அந்தக் கட்டையில். கராஜுக்கும் அது போதும். ஆப்பு வடிவில் வெட்டிய இரண்டு பூவரசங்கட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு துவாரம், துவாரத்தில் கயிறு. காலால் உதைத்துச் செருகலாம், கயிற்றால் இழுத்து எடுக்கலாம். கையைச் சில்லுக்குக் கிட்டக் கொண்டுபோகவே தேவையில்லை. அரைச் செங்கல்லைச் செருகுகிற வழக்கத்தை விட்டுவிட வேண்டும், செங்கல் நொறுங்கும்.

*

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு மணித்தியாலம் நின்றால் பாரம் பெயர்க்கிற கலை முழுவதையும் பார்க்கலாம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போகிற மோட்டார் சைக்கிள், எரிவாயுச் சிலிண்டர், சீமெந்து, தண்ணீர்த் தாங்கி எல்லாம் படகு ஏறுவது கையால். படகு ஆடும், அது உயர்ந்து வருகிற கணத்துக்குக் காத்திருந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே குரல். இரண்டு பேர் "தள்ளு" என்று கத்தினால் யாரும் தள்ள மாட்டார்கள்.

அங்கே இன்னும் ஆள் இருக்கிறது. படகுக்கு வந்து நிற்கிற சனம் எல்லாமே கை கொடுக்கும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் நெடுநாளாக டீசல் ஜெனரேற்றர் மின்சாரம்தான் இருந்துவந்தது. இந்தத் தீவுகளுக்கான, சூரியனும் காற்றும் டீசலும் கலந்த மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரியன். இப்படியான சாமான் எல்லாம் கடல் கடந்துதான் போக வேண்டும். கிறேன் வரும், மிதவை வரும். ஆனாலும் கடைசி நாலு அடிக்கு யாரோ ஒருவர் அலவாங்கோடு நிற்பார்.

*

ரொறன்ரோவில் என் மைத்துனரின் கராஜும் எங்கள் கராஜ் போலத்தான், கார் வெளியே பனியில். உள்ளே பனி தள்ளுகிற மெசின், 100 கிலோ வரும். கோடையில் அது பின்னுக்கும் புல்லு மெசின் முன்னுக்கும். குளிர் வர முதல் மறுபடி மாற்று. அவருக்கும் வயது போகிறது, முழங்கால் வேலை செய்யவில்லை. ஆனால் தனியாகவே மாற்றுகிறார். எப்படி என்று கேட்டேன். தொலைபேசியில் காணொளி போட்டுக் காட்டினார்: தடித்த பலகை ஒன்று, நாலு மூலையிலும் எந்தப் பக்கமும் திரும்புகிற ரப்பர்ச் சில்லு, இரண்டுக்குப் பூட்டு. மெசினைச் சாய்வுப் பலகையால் அதன்மேல் ஏற்றிவிட்டால் காலால் தள்ளுகிறார். கடையில் சொற்ப விலை என்றார்.

"அப்ப இஞ்ச ஜெனரேற்றர் அனுப்பேக்க அதில ஒண்டையும் சேர்த்து அனுப்பியிருக்கலாமே அத்தான்?"

"அங்க ஆக்கள் இருப்பினம் எண்டு நினைச்சன்."

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு மெசின் வாங்கிக் கொடுக்கிற சங்கங்களுக்கும் தனியாட்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆட்கள் இல்லை. மெசினுக்குக் காசு அனுப்பும்போது சில்லுப் பலகைக்கும் சேர்த்து அனுப்புங்கள். யாழ்ப்பாணத்தில் எந்தத் தச்சுப் பட்டறையிலும் ஒரு நாளில் அடித்துத் தருவார்கள். கராஜ் கட்டுகிறவர்கள் வாசல் சாய்வைப் படிப்படியாகப் போடாமல் நீட்டிப் போடுங்கள், முன்னால் நிற்கிற பனையைத் தறிக்காதீர்கள். பார்த்துக்கொள்கிற ஆளுக்கு மாதக் காசு அனுப்பும்போது, எதையும் தனியாகத் தூக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை நீங்களே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்னால் கேட்கிறார் இல்லை.